கூடலூர் வகுப்பறைக்கு எந்தச் சூழல் பாடம்? நான்கு வழிகள், ஒரு முடிவு

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை வாசித்தாலே அந்த மலையின் வரலாறு வந்துவிடும். பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். மவுண்டாடன் செட்டி வீட்டுப் பிள்ளைகள், மலையாளம் பேசும் முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். மேலே உதகை, குந்தா, கோத்தகிரி என்று ஏறினால் படகர், தோடர், கோத்தர், இருளர் சேர்ந்துகொள்வார்கள்.

சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொல்லிவிட்டது. 2001-02-இல் தேசியப் பசுமைப் படை வழியாகப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் தொடங்கின. ஆனால் இப்படிப் பல வீடுகள் சேர்ந்து உட்காரும் வகுப்பில் எதை, எப்படி நடத்துவது என்பது கடைசியில் பொறுப்பாசிரியர் தலையில்தான் விழுகிறது. அவர் கையில் இருப்பது வாரம் 40 நிமிடப் பாடவேளை ஒன்று. விடுமுறை, தேர்வு எல்லாம் கழித்தால் வருடத்துக்கு 30 தேறும். அதோடு நாலு அரைநாள் வெளியே கூட்டிப்போகலாம்.

இந்த நேரத்தைச் செலவிட நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. நாட்காட்டிப்படி நாட்களைக் கொண்டாடுவது, பண்பாட்டு விழா நடத்துவது, வீட்டறிவைப் பதிவேடாக்குவது, ஒரே இடத்தை வருடம் முழுக்கக் கவனித்துப் பருவ வட்டம் வரைவது. நான்கையும் எடைபோட நாங்கள் ஒரே கேள்வியை வைத்துக்கொள்கிறோம்: பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் அறிவு, ஆசிரியர் சொல்லும் பாடத்தைத் திருத்தும் அளவுக்கு உள்ளே வர முடிகிறதா? கைதட்டு வாங்கிக்கொண்டு வாசலோடு திரும்பிப் போகிறது என்றால் அந்த வழியில் பன்முகம் என்பது பெயரளவுதான்.

நாட்காட்டி வழி

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள், செப்டம்பர் 16 ஓசோன் நாள், அக்டோபர் முதல் வாரம் வன உயிரின வாரம், மார்ச் 22 தண்ணீர் நாள். கோலம், ஓவியம், பேச்சுப் போட்டி, ஊர்வலம், மரக்கன்று. இதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. தயாரிப்பு குறைவு, பாதி வருடத்தில் ஆசிரியர் மாறினாலும் நின்றுபோகாது, மேலே காட்டப் படமும் அறிக்கையும் கிடைக்கும். குப்பை, நெகிழி போன்று எல்லா வீட்டுக்கும் பொதுவான விஷயத்துக்கு இதுவே போதும். நெகிழித் தடை தமிழகம் முழுவதும் 2019 ஜனவரி 1-இல் வந்தது. நீலகிரியில் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டதால் பிள்ளைகளுக்கு அது பழகிய சங்கதி.

சிக்கல் மரக்கன்றில் தொடங்குகிறது. உதகைப் பக்கத்துப் பள்ளி ஒன்று ஜூன் 5 அன்று ஐம்பது கன்றுகளோடு அருகிலுள்ள ‘தரிசு’ மேட்டுக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மேடு தரிசு இல்லை, புல்வெளி. நீலகிரியின் உச்சிப்பகுதி இயல்பிலேயே மேட்டில் புல்லும் மடிப்பில் சோலையுமாக இருந்த நிலம். ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வந்தன. பிறகு தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை, ஆலைக் கூழுக்குக் கற்பூர மரம் என்று சுதந்திரத்துக்குப் பின்னும் புல்வெளியிலேயே நட்டுக்கொண்டு போனார்கள். பயனற்ற நிலத்தைப் பயனாக்குகிறோம் என்பதுதான் அன்றைய நியாயம். கன்றுகளோடு மேடேறும் பள்ளி, தெரியாமலே அந்த நியாயத்தைப் பிள்ளைகளுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறது.

அந்த வரிசையில் ஒரு தோடர் வீட்டுப் பிள்ளை நின்றால் அவளுக்கு அது எருமை மேயும் இடம். கோயில் கூரைக்கு வேய்கிற புல் சதுப்போரத்தில் தனியாக வளரும் வகை என்பதும், இப்போது அது கிடைப்பது அரிதாகிவிட்டது என்பதும் வீட்டில் அன்றாடப் பேச்சு. அந்தப் பேச்சு வகுப்புக்குள் வந்திருந்தால் அன்றைய நிகழ்ச்சியே மாறியிருக்கும். நாட்காட்டியில் அதற்கு இடம் இல்லை. எல்லா ஊருக்கும் ஒரே இயற்கை என்று எண்ணித்தான் அது எழுதப்படுகிறது.

ஜூன் 5-ஐ விட்டுவிட வேண்டாம், வேலையை மாற்றுங்கள். நாலு மீட்டர் நைலான் கயிற்றை எடுத்து மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனிகளைச் சேர்த்துக் கட்டி, மூலைக்கு ஒரு குச்சி ஊன்றினால் ஒரு சதுர மீட்டர் சட்டம். திறந்த புல்வெளியில் பத்து இடம், சீகை நிழலில் பத்து இடம். ஒவ்வொரு சட்டத்திலும் எத்தனை வகைச் செடி என்று மட்டும் எண்ணட்டும். பெயர் தெரியவில்லை என்றால் ‘அகல இலை, ரோமம் உண்டு’ என்று குறித்தால் போதும். சட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் தவறு நடக்கும்: பூ இருக்கிற இடமாகப் பார்த்துப் பிள்ளைகள் வைப்பார்கள். பத்து அடி நடந்து நின்ற இடத்தில் வை என்று விதி போட்டுவிடுங்கள். இருபது சட்டம் எண்ணி முடித்த பிறகு, எங்கே மரம் நடலாம் என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

நிலம் பள்ளிக்குச் சொந்தமானால் சீகைக் குருத்துகளைப் பிடுங்கவும் செய்யலாம். விரல் பருமனுக்குள் இருப்பவை, மழை பெய்து மண் இளகிய அடுத்த நாள், வேரோடு. வெட்டினால் துளிர்க்கும். மண்ணில் கிடக்கும் விதை பல வருடம் உயிரோடு இருக்கும் என்பதால் ஒருமுறை பிடுங்கியதோடு முடியாது, ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். வளர்ந்த மரத்தில் கை வைக்காதீர்கள். மலைப்பகுதி மரங்களுக்கென 1955 முதல் தனிச் சட்டம் இருக்கிறது, அனுமதி தேவை. வன நிலத்தில் குருத்துக்கும் வனத்துறையைக் கேட்டே ஆக வேண்டும்.

பண்பாட்டு விழா வழி

‘பன்முகப் பண்பாடு’ என்றதும் பள்ளிகள் முதலில் தாவுவது இதற்குத்தான். ஒரு நாள், ஒரு மேடை. தோடர் ஆட்டம், படகர் ஆட்டம், கோத்தர் இசை, தினைப் பண்டம், பாரம்பரிய விதைக் கண்காட்சி. பெற்றோர் பள்ளிக்குள் நுழைகிறார்கள் என்பது இதன் உண்மையான பலன், அது சின்னப் பலனும் இல்லை. பள்ளிப் படியேறவே தயங்கும் பணியர் தாய் ஒருத்தி அன்று முன்வரிசையில் உட்கார்ந்தால் அந்த ஒரு நாள் வீண்போகவில்லை.

ஆனாலும் சூழல் பாடமாக இதை நாங்கள் கடைசி இடத்தில்தான் வைக்கிறோம். மேடையில் காட்ட ‘உடை’ இல்லாத பிள்ளை பார்வையாளர் ஆகிவிடுகிறான். லயன் வீட்டுப் பிள்ளைக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டுப் பிள்ளைக்கு, எந்த ஆடையைப் போட்டு மேடையேற்றுவது? உறைபனி விழுந்த காலையில் தேயிலைச் செடி எப்படிக் கருகும், கவாத்து வெட்டிய செடி எத்தனை நாளில் துளிர்க்கும், மருந்தடித்த மறுநாள் ஓடைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்றெல்லாம் அவன் வீட்டில் தெரியும். அது எதுவும் ஆட்டமாக ஆகாது என்பதால் கணக்கில் வருவதில்லை.

இன்னொன்று, புனிதமும் துக்கமும் சேர்ந்த பொருட்கள் அலங்காரமாகிவிடும். புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையல் போர்வைக்கு அவர்களுடைய சடங்குகளில், இறுதிச் சடங்கு உட்பட, இடம் உள்ளது. அதை வேறொரு பிள்ளைக்குப் போர்த்தி நடனமாட விடுவது அந்த வீட்டாருக்கு எப்படி இருக்கும் என்று ஒருமுறை யோசித்தால் போதும்.

வீட்டறிவுப் பதிவேடு

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பரவல் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, அதன் கீழ் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதச் சொல்கிறது. அந்த மாதிரியைச் சுருக்கி வகுப்புக்குக் கொண்டுவருவது மூன்றாவது வழி. பிள்ளை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவருகிறது. வகுப்பில் சேர்த்துத் தொகுக்கிறோம். இதில் வீட்டறிவு நேராகப் பாடமாகிறது. செய்யத் தகுந்த வழிதான், ஆனால் கவனம் தப்பினால் நான்கிலும் அதிகத் தீங்கு செய்யக்கூடியதும் இதுதான்.

முதலில் வடிவம். நோட்டில் ஐந்து கட்டம் போதும்: வீட்டில் சொல்லும் பெயர், சொன்னவர் உறவு (பாட்டி, மாமன்), பார்த்த இடம், மாதம், முன்பைவிடக் கூடியதா குறைந்ததா. கட்டம் கூடக்கூடப் பிள்ளைகள் கற்பனை செய்து நிரப்புவார்கள். ஒரு தடவைக்கு ஒரு தலைப்பு மட்டும். ‘தேனீ’ என்று கொடுத்துப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் ஒரே தேனீதான். காட்டுநாயக்கர், குறும்பர் வீடுகளிலிருந்து வரும் நோட்டில் பாறையில் கூடு தொங்கவிடும் மலைத்தேனீ, மரப்பொந்தில் அடுக்கு கட்டுவது, செடிக்கொம்பில் ஒற்றை அடை வைப்பது, கொட்டாத கொசுத்தேனீ என்று நாலு வகை நிற்கும். அன்றைக்கு ஆசிரியர் எழுதிக்கொள்பவர், பிள்ளைகள் சொல்பவர்கள்.

உண்ணிச்செடியும் நல்ல தலைப்பு. மலையாள வீட்டில் அது கொங்கிணி. ஒரு வீட்டில் வேலி, ஒரு வீட்டில் விறகு, இன்னொரு வீட்டில் கூடை முடையும் பொருள், மாடு மேய்க்கிறவர்களுக்கு மேய்ச்சலை விழுங்கிய சனியன். வெளியிலிருந்து வந்து காட்டைப் பிடித்த செடி என்ற புத்தகப் பதில் சரிதான். ஆனால் அதை அகற்றினால் யாருக்கு என்ன போகும், என்ன வரும் என்ற கேள்வி இந்த நோட்டு இல்லாமல் வகுப்பில் எழாது.

இனி ஆபத்து. மூலிகை, மருந்து, தேன் பாறை இருக்கும் இடம், சாமி காடு: இவற்றைக் கேள்வியாகவே கொடுக்காதீர்கள். காரணம் தெரிய அகத்திய மலைக்குப் போக வேண்டும். 1987-இல் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிய காணிக்காரப் பழங்குடி இளைஞர்கள் களைப்புத் தெரியாமலிருக்க ஒரு காட்டுக் காயைத் தின்றார்கள். அதிலிருந்துதான் ஆரோக்கியப் பச்சை என்ற அந்தச் செடி வெளியுலகுக்குத் தெரிந்து, ஜீவனி என்ற மருந்தாகி, உரிமத் தொகையில் பாதி காணிக்காரருக்கு என்று முடிவானது. பங்கு கொடுத்ததற்காக அந்த ஏற்பாடு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. கூடவே, அந்த அறிவை வெளியே சொல்ல யாருக்கு உரிமை என்ற சண்டையும் வந்தது. வளர்ந்தவர்கள் நடுவிலேயே இவ்வளவு சிக்கல் என்றால், மதிப்பெண்ணுக்காகப் பாட்டியின் மருந்தை எழுதிவரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அந்த நிலையில் வைக்கவே கூடாது. பள்ளி நோட்டு சட்டப்படியான பதிவேடு ஆகாது. அதை அச்சிட வேண்டாம், படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம். வருடக் கடைசியில் நோட்டு வீட்டுக்குத் திரும்பட்டும்.

அடுத்த தவறு, ஒரு பிள்ளையை அவளுடைய சமூகத்துக்கே பிரதிநிதி ஆக்குவது. “நீங்க தேன் எடுக்கறவங்கதானே, சொல்லு” என்று ஆசிரியர் கேட்டதும் பிள்ளை வாயடைத்துப்போகும். அவள் வீட்டில் தேன் எடுப்பதை விட்டு இரண்டு தலைமுறை ஆகியிருக்கலாம். கேள்வி எப்போதும் மொத்த வகுப்புக்கும் ஒன்றாக இருக்கட்டும். யார் கை தூக்குகிறார்களோ அவர்கள் சொல்லட்டும்.

உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளால் மாலையில் போய் வீட்டில் கேட்க முடியாது. அவர்களுக்குக் காலாண்டு, பொங்கல் விடுமுறைகளில் தலைப்பைக் கொடுத்தனுப்புங்கள். இல்லையென்றால் பெரியவர்களைப் பள்ளிக்கு வரவழையுங்கள். வரவழைத்தால் ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் பணமும் போக்குவரத்துச் செலவும் கையில் கொடுங்கள். சால்வை போர்த்தி அனுப்புவது மரியாதைதான், ஆனால் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு அடுப்பெரிய வேண்டும்.

எழுத்துச் சிக்கலும் உண்டு. தோட மொழியின் பல ஒலிகளுக்குத் தமிழில் எழுத்தே கிடையாது. பிள்ளை ஒரு பெயரை எப்படி எழுதினாலும் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். சொன்னவர் சம்மதித்தால் போனில் பத்து நொடி ஒலிப்பதிவு செய்து வகுப்பில் எல்லோரும் சொல்லிப் பழகட்டும்.

பருவ வட்டம்

எங்கள் தேர்வு இது. பள்ளியிலிருந்து பத்து நிமிட நடைக்குள் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு வருடம் முழுவதும் அதையே கவனிப்பது. கவனித்ததையும் வீடுகள் சொல்வதையும் ஒரே வட்டத்தில் எழுதுவது.

சார்ட் தாள்களை ஒட்டி 30 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். 30 பாகைக்கு ஒரு துண்டு, பன்னிரண்டு மாதம். உள்ளிருந்து 5 செ.மீ.க்கு ஒரு வளையமாக ஆறு: மழை, செடிகொடி, விலங்கு-பூச்சி, வேலை, சாப்பாடு, விழா. இரண்டே மை. கண்ணால் பார்த்ததும் அளந்ததும் நீலம். வீட்டில் சொன்னது பச்சை. சமூகத்துக்கு ஒரு நிறம் என்று பிரிக்கவே வேண்டாம், அது பிள்ளைகளைப் பிரிப்பதில் முடியும்.

எந்த மாதப் பெயர் போடுவது என்ற கேள்வி முதல் வாரமே வரும். வெளி விளிம்பில் ஆங்கில மாதம், அதன் மேல் தமிழ் மாதம், அதற்கு மேல் மலையாள மாதம் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். படகர் வீட்டு மாதக் கணக்கு வேறு, மேல்மலைப் பள்ளி அதையும் சேர்க்க வேண்டும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உள்ள துண்டைக் கிட்டே போய்ப் பாருங்கள். தமிழ் வீட்டில் அது ஆடி: ஆடிப்பட்டம் தேடி விதை. மலையாள வீட்டில் அதே நாலு வாரம் கர்க்கடகம்: பெய்து தீர்க்கும் மழை, பஞ்சம் பிடித்த மாதம், கஞ்சியும் கீரையும். வயல் வேலைக்குப் போகும் பணியர் வீட்டில் நாற்று நடவு. வரப்பில் நண்டும் வயலில் கீரையும் கிடைக்கும் காலம். லயன் வீட்டில் பிளாஸ்டிக் தாளை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கும் காலம். சமவெளிக்காரர் பழமொழி கூடலூர் பக்கத்துத் தேவாலா மழைக்கு ஏன் பொருந்தவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். தென்மேற்குப் பருவமழையை மலை எந்தப் பக்கத்தில் வாங்குகிறது, எந்தப் பக்கம் மழை மறைவு என்ற பாடத்தை அங்கே தொடங்குங்கள். அது மனதில் நிற்கும்.

மழைமானி. இரண்டு லிட்டர் பாட்டிலின் தோள்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனலாக வையுங்கள். பாட்டிலின் அடி வளைவாக இருப்பதால் அளவு தப்பும். கூழாங்கல் போட்டு, நேர்ச்சுவர் தொடங்கும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழியம் குறித்து, அதற்கு மேல் மில்லிமீட்டர் ஸ்கேலை ஒட்டுங்கள். வெட்டிய வாயும் உடலும் ஒரே அகலமாக இருந்தால் ஸ்கேல் காட்டுவதே மழையளவு. நடுவில் இடுப்புப்போல் ஒடுங்கிய பாட்டில் உதவாது. கூரையும் மரமும் இல்லாத வெட்டவெளியில் வையுங்கள். வானிலைத் துறை அளக்கும் நேரம் காலை 8.30; நீங்களும் அதையே பின்பற்றினால் பிறகு ஒப்பிட முடியும். கர்க்கடகத்தில் ஒரே நாளில் 100 மி.மீ. தாண்டும் நாட்கள் உண்டு, எனவே நேர்ச்சுவர் 20 செ.மீ.யாவது இருக்கட்டும். சனி, ஞாயிறு அளக்க ஆள் இல்லை என்றால் திங்கட்கிழமை ‘மூன்று நாள் சேர்த்து’ என்று எழுதுங்கள். மூன்றால் வகுத்து எழுதினால் அது பொய்க்கணக்கு.

மரங்கள் மூன்று போதும்: பலா, சரக்கொன்றை, பள்ளிப் பக்கம் இருக்கும் ஏதாவது ஒரு காட்டு மரம். வாரத்தில் ஒரே கிழமை, அதே மரம்; துளிர், பூ, காய் ஒவ்வொன்றும் இல்லை, கொஞ்சம், நிறைய என்று மூன்றே அளவு. சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் கேரளப் பள்ளிகள் பல இப்படித்தான் மரங்களைப் பார்த்துவருகின்றன. அதிலேயே சேர்ந்துகொள்ளவும் செய்யலாம். கொன்றை விஷுவுக்கு முன்பே பூத்து உதிர்ந்துவிடுகிறது என்று வீட்டில் பச்சை மையில் வந்தால், அடுத்த ஏப்ரலில் நீல மை என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். காப்பிச் செடி இன்னும் துல்லியம். மார்ச், ஏப்ரலில் பூமழை (செடியைப் பூக்கவைக்கும் கோடை மழை) ஓர் அங்குலம் அளவுக்குப் பெய்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகும். காப்பித் தோட்ட வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியும். மழைமானியில் 25 மி.மீ. காட்டிய நாளிலிருந்து வகுப்பே விரல் விட்டு எண்ணட்டும்.

பச்சையும் நீலமும் ஒத்துப்போகாத இடம்தான் இந்த வழியின் பொக்கிஷம். ‘கர்க்கடகத்தில் விடாமல் பெய்யும்’ என்று வீடு சொல்கிறது, மானியில் ஒன்பது நாள் காய்ந்திருக்கிறது. யார் சரி? அவசரப்பட்டு ‘காலநிலை மாற்றம்’ என்று கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள். ஒரு வருட அளவு அதைச் சொல்லாது. பெரிய தேயிலைத் தோட்டங்கள் தினசரி மழைப் பதிவேட்டைப் பல்லாண்டுகளாக வைத்திருக்கும். மேலாளருக்குத் தலைமையாசிரியர் ஒரு கடிதம் எழுதி, ஜூலை, ஆகஸ்ட் பக்கங்களை மட்டும் முப்பது வருடத்துக்குப் பார்த்துக் குறித்துவர அனுமதி கேளுங்கள். விழா மேடையில் ஒதுங்கி நின்ற லயன் வீட்டுப் பிள்ளை இங்கே வகுப்புக்குச் சான்று கொண்டுவருபவன் ஆகிறான்.

ஐப்பசித் துண்டில் பூப்புத்தரி வரும்: முதல் நெற்கதிரை அறுத்துக் கோயிலுக்குக் கொண்டுபோகும் விழா. விழா வளையத்தில் அதை எழுதிய கையோடு வேலை வளையத்தில் இப்போது எத்தனை வீட்டில் நெல் பயிராகிறது, வயல் எங்கெங்கே வாழையும் இஞ்சியுமாக மாறியிருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். கோயிலுக்குக் கதிர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை ஒரு பிள்ளையாவது கேட்கும்.

வயல் மாற்றத்தை அளக்க நண்டு வளை நல்ல அளவுகோல். வரப்பில் 20 மீட்டர் கயிறு பிடித்து இருபுறமும் அரை மீட்டருக்குள் உள்ள வளைகளை எண்ணுங்கள். மருந்தடிக்கும் வயல் ஒன்று, அடிக்காத வயல் ஒன்று. பழைய வளையும் புதுவளையும் குழம்பும். வாயில் ஈரச்சேறு உருண்டை கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. பணியர் பிள்ளைகளிடம் கேட்டால் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம் என்பதால் காலில் புண் உள்ள பிள்ளை வரப்பை விட்டு இறங்கக் கூடாது. திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அட்டைக்கு உப்புப் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும்.

யானை இந்தப் பாடத்தில் மிகக் கடினமான பக்கம். பலா பழுக்கும் மாதங்களில் அது வீட்டோரம் வரும். ஒரு பிள்ளையின் வீட்டில் யானை தெய்வம். இன்னொரு பிள்ளையின் வீட்டில் யானையால் ஆள் இழப்பு நடந்திருக்கலாம். தெப்பக்காடு முகாமில் பாகனாக இருப்பவர் மூன்றாவது பிள்ளைக்கு மாமனாக இருக்கலாம். ‘யானை நம் நண்பன்’ என்ற சுவரொட்டியை ஒட்டிவிட்டு மேலே போகாதீர்கள். வட்டத்தில் யானை வந்த நாட்களையும் பலா பழுத்த வாரங்களையும் சேர்த்துக் குறித்து, காயாக இருக்கும்போதே பலாவை இறக்கிய வீட்டுக்கும் இறக்காத வீட்டுக்கும் வேறுபாடு தெரிகிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் பிள்ளைகள் பேச விரும்பினால் பேசட்டும். கட்டாயப்படுத்த வேண்டாம். வெளியே போகும் நாளில் காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் யாரும் பாதையில் இருக்கக் கூடாது. கிளம்பும் முன் வேட்டைத் தடுப்புக் காவலரிடம் யானை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இந்த வழியின் குறை என்ன? தொடர்ச்சி. ஆசிரியர் ஒரு மாதம் விடுப்பில் போனால் வட்டத்தில் ஓட்டை விழும். ஆகஸ்டில் ஆர்வம் வடியும், மழையில் நனைந்துகொண்டு மானி பார்க்க யாரும் முன்வர மாட்டார்கள். இரண்டிரண்டு பேராக வாரமுறை போட்டு, தலைமையாசிரியர் மேசையில் பதிவு நோட்டை வைத்தால் ஓரளவு ஓடும். அறிக்கைக்குப் படம் கிடைக்காது என்ற குறையும் உண்டு. வட்டத்தையே மாதம் ஒருமுறை படம் எடுத்துச் சேருங்கள்.

நேரத்தைப் பங்கிடுவது

ஒவ்வொரு பாடவேளையிலும் முதல் 15 நிமிடம் வட்டத்துக்கு. மீதி 25 நிமிடத்தில் நாலு வாரத்துக்கு ஒரு தலைப்பு. ஆறு தலைப்புக்கு 24 வாரம். வீட்டறிவு நோட்டு இந்தத் தலைப்புகளுக்குள்ளேயே வந்துவிடும், தனி வேலையாக வேண்டாம். மிச்சமுள்ள ஆறு வாரம் நாட்காட்டி நாட்களுக்கு. அரைநாட்கள் நான்கையும் புல்வெளி அல்லது உண்ணிச்செடிப் புதர், வயல் வரப்பு, தேயிலைத் தோட்டம், பெரியவர்கள் பள்ளிக்கு வரும் நாள் என்று வைக்கலாம். பண்பாட்டு விழா நடத்தியே ஆக வேண்டும் என்றால் பிப்ரவரியில் வட்டத்தை மேடை நடுவில் மாட்டி, ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பிள்ளை பேசட்டும். அப்போது உடை இல்லாத பிள்ளை என்று யாரும் இருக்க மாட்டார்கள். தாள், கயிறு, பாட்டில், ஸ்கேல், மை எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். பெரியவர்களுக்கான கூலியைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வருடத் தொடக்கத்திலேயே பேசி ஒதுக்கிவிடுங்கள்.

மதிப்பெண் போடுவதில் ஓர் எச்சரிக்கை. வீட்டிலிருந்து எத்தனை பெயர் கொண்டுவந்தாய் என்று எண்ணிப் போட்டால் தாத்தா பாட்டி இல்லாத பிள்ளை தோற்றுவிடும். பதிவை விடாமல் எழுதியதற்கும், பச்சை–நீல வேறுபாட்டைக் கண்டுபிடித்துக் கேள்வி எழுப்பியதற்கும் போடுங்கள்.

ஓராசிரியர் பள்ளிக்கு இந்த முழுத் திட்டம் தாங்காது. மழைமானியும் ஒரே மரமும் வைத்துக்கொண்டு, பருவத்துக்கு ஒரு வீட்டுத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே சமூகமாக இருக்கும் உறைவிடப் பள்ளியிலும் வட்டம் வேலை செய்யும். ஊருக்கு ஊர் மண்ணும் மழையும் வேறு, பச்சை மையில் அந்த வேறுபாடு வந்துவிடும். மேல்மலைப் பள்ளிகள் நெல்லுக்கும் பலாவுக்கும் பதில் உறைபனி நாட்களையும் காட்டுப் பூவரசு பூப்பதையும் உருளைக்கிழங்கு, கேரட் போகங்களையும் எடுத்துக்கொள்ளலாம். குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் கூட்டமாகப் பூத்தது, அடுத்தது 2030. அந்த ஆண்டு வட்டத்தில் ஒரு மாதத்தையே அதற்கு விட்டுவிட வேண்டியிருக்கும்.

மார்ச்சில் வட்டத்தைச் சுருட்டிப் பரண்மேல் போடாதீர்கள். ஜூனில் அடுத்த வகுப்பு அதே தாளில், வேறு நீலத்தில், வேறு பச்சையில் எழுதத் தொடங்கட்டும். கொன்றை பூத்த வாரத்துக்கு மேல் இரண்டாவது கோடு விழும்.